மூன்றாவது சங்கு

இன்று காலை குக்கர் மூடியைத் திறந்ததும் புழுங்கலரிசி ஆவி முகத்தில் அடித்தது, உத்திரமேரூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த, இப்போது கல்யாண மண்டபமாகிவிட்ட அரிசி மில்லின் அதே வாசனை. அம்மா விடிவதற்கு முன்பே அங்கே நெல் அவிக்கப் போய்விடுவாள், அப்பா டிராக்டர் ஓட்டப் பக்கத்திலுள்ள பெருநகர் கிராமத்துக்குக் கிளம்பிவிடுவார், எங்களை எழுப்பிக் கிளப்ப மில் சங்கைத் தவிர யாரும் இல்லை. முதல் சங்குக்கு நானும் தம்பியும் பாயைச் சுருட்டுவோம், இரண்டாவதற்கு உமித்தூசு மிதக்கும் தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொள்வோம், மூன்றாவது ஊதும்போது சோற்றை விழுங்கிக்கொண்டே, அவசரத்தில் ஒருவர் பையை மற்றவர் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவோம்.

இதை என் மகளிடம் சொல்லி, "நீயும் குக்கர் முதல் விசிலுக்கு எழுந்திரு, மூணாவது விசிலுக்கு யூனிஃபார்மோட வந்து நில்லு" என்று சட்டம் போட்டேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா குறுக்கிட்டாள்.

"இன்னாடி ஒளறிக்கினு கீற? மில்லுல ரெண்டு சங்குதான். வேலைக்கு ஒண்ணு, நாஷ்டாவுக்கு ஒண்ணு."

அப்படியானால் அத்தனை வருடம் எதைக் கேட்டு ஓடினோம்? தம்பிக்குப் போன் போட்டால், நாலு சங்கு என்று அடித்துச் சொல்கிறான்.

சங்கை ஊத இழுக்கும் சங்கிலி பாய்லருக்குப் பக்கத்தில், நெல் அவிக்கிறவர்களுக்குக் கை எட்டும் உயரத்தில் தொங்கும். அதுவாவது நிஜமா, நானாக நினைத்துக்கொள்கிறேனா?

"நீ இழுத்தியாம்மா?"

"மொதலாளி சும்மா வுடுவாரா?" என்றாள் அம்மா, பேத்திக்குச் சடை பின்னிக்கொண்டே. இழுக்கவில்லை என்று மட்டும் சொல்லவில்லை.