கழற்றிப் போட்டதைப் பூட்டியவர்

செய்தி வந்தபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் ஷிபானாவின் பெயரைக் கண்டதும் ஈரக் கையோடேயே எடுத்தேன். பவுசியா டீச்சரின் ஒரே மகள் அவள். "அன்ரி, உம்மா மௌத்தாயிட்டாங்க" என்றாள். சுபஹ் தொழுதுவிட்டுச் சாய்ந்தவர் பிறகு எழும்பவில்லை என்பதை அங்கே போய்த்தான் அறிந்தேன். லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். ஜனாஸாவோடு ஆண்கள் எல்லோரும் போய்விட, பெண்கள் நாங்கள் வீட்டில் இருந்தோம். முற்றத்தில் டீச்சரின் பழைய டபுள் கப் பிக்அப் வாகனம் நின்றது. அதன் நிழலில் வழக்கம்போல, ஊருக்குள் திரியும் மான்களில் இரண்டு படுத்திருந்தன. அன்றைக்கு யாரும் அவற்றை விரட்டவில்லை.

அவரிடம் மனையியல் படித்த பலர் இதை வாசிப்பீர்கள். தையலில் கோணல் விழுந்தால் முழுவதையும் பிரிக்க வைப்பவர் என்றுதான் உங்களுக்கு நினைவிருக்கும். நானும் அவரை அப்படித்தான் அறிந்திருந்தேன். ஒரே ஆசிரியர் அறையில் பல வருடம் எதிரெதிர்க் கதிரைகளில் இருந்தோம். நான் விஞ்ஞானம், அவர் மனையியல். பெருநாளைக்கு வட்டிலப்பம் தருவார், பொங்கலுக்கு நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவ்வளவுதான் பழக்கம்.

அவருடைய கணவர் ஜவாத் விதைநெல்லும் உரமும் விற்றவர். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து வயல்களுக்கெல்லாம் அந்த வாகனத்தில்தான் போவார். நான்கு சில்லும் இழுக்கும் வாகனம், சேற்று வரம்பிலும் ஏறும். ஊரைவிட்டுப் போன ஒரு தொண்டு நிறுவனம் ஏலத்தில் விட்டபோது வாங்கியது. பழுது வந்தால் வெளியே கொடுக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் முற்றத்திலேயே படங்குத் துணி விரித்து, வாகனத்துக்குக் கீழே படுத்துவிடுவார். அப்படி ஒருமுறை எஞ்சினை இறக்கி, கியர்பெட்டியைக் கழற்றிப் பலகையில் வைத்திருந்த வாரத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

கணவருக்காக இருக்கும் இத்தாக் காலம் முடிந்து பவுசியா டீச்சர் பள்ளிக்குத் திரும்பியபோது, அந்த வாகனத்தைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடச் சொல்லிக் குடும்பத்தார் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். கடற்காற்றில் தளத்தகடு தின்னப்பட்டுப் போயிருந்தது. ஒருநாள் இடைவேளையில் என்னிடம் கேட்டார்: "டீச்சர், இறுகின போல்ட்டைக் கழட்ட உங்கட விஞ்ஞானத்தில என்ன வழி?"

மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பார்க்கலாம் என்றேன். எதற்கென்று கேட்டேன்.

"அவரு கழட்டிப் போட்டதை நான் பூட்டப்போறன்."

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பார்ப்பதற்கென்று போனேன். என் பிள்ளைகள் கடல் கடந்து போய், வீடும் வெறுமையாகிவிட்ட காலம் அது. போனவள் மாலைவரை அங்கேயே நின்றுவிட்டேன். அடுத்த சனியும் போனேன். சீனன்குடாவில் வாகனப் பகுதியில் மெக்கானிக்காக வேலைபார்த்து ஓய்வுபெற்ற சுனில் பாஸ் வந்து எங்களுக்கு வழிகாட்டினார். பாரமான வேலை அவருடையது. நாங்கள் இருவரும் துரு சுரண்டினோம், டீசலில் பாகங்களைக் கழுவினோம். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் எந்த இடத்தில் இருந்ததோ அந்த ஒழுங்கிலேயே டீச்சர் கேக் தட்டுகளில் அடுக்கிவைப்பார். சுனில் பாஸ் முதல்நாள் அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். பிறகு அவரே தட்டுக் கேட்டு வாங்கத் தொடங்கினார். தளத்தகட்டை வெட்டியெடுத்துப் புதுத்தகடு ஒட்டினோம். பிரேக் குழாய்கள் எல்லாம் மாற்றினோம். பவர் ஸ்டீயரிங் பூட்டவேண்டும் என்பதில் டீச்சர் பிடிவாதமாக நின்றார். "அவருக்குக் கை பலமிருந்திச்சு. ஓட்டப்போறது நான்" என்றார்.

தடங்கல் எஞ்சினில்தான் வந்தது. அதை முழுவதும் பிரித்துப் பார்த்த சுனில் பாஸ், நடு உடம்பில் வெடிப்பு ஓடியிருப்பதைக் காட்டினார். விபத்தில் நொறுங்கிய இன்னொரு வாகனத்தின் எஞ்சின் இருக்கிறது, அதைக் கொஞ்சம் மாற்றிப் பூட்டலாம், இதைவிடப் பலமானது என்று தன் அரைகுறைத் தமிழில் விளக்கினார். நல்ல செய்தி என்று நான் நினைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போன டீச்சர் வெளியே வரவில்லை. நாங்கள்தான் படங்கை இழுத்து மூடிவிட்டு வந்தோம்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் தலைவலி என்றார், விருந்தாளிகள் என்றார். பள்ளியிலும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. ஒரு மாலை நானாகவே போனேன். முற்றத்தில், மூடிக்கிடந்த வாகனத்துக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தார். நானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். கீழே துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதியது. அப்போதுதான் சொன்னார். ஜவாத் வேலை முடிந்து வரும்போது, துறைமுகத்திலிருந்து ஏறும் மேட்டில் கியரை மாற்றும் சத்தம் குசினிவரை கேட்குமாம். அதைக் கேட்டுத்தான் தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைப்பாராம். அந்தச் சத்தத்தை இன்னொருதரம் கேட்கவேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பாடு.

"வேற எஞ்சின் போட்டா வேற சத்தம்தானே டீச்சர்" என்றார்.

மற்ற எஞ்சினும் அதே சத்தம் போடும் என்று பொய் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். இருட்டும்வரை இருந்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து ஆசிரியர் அறையில், பயிற்சிப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "அவரு திரும்பி வரப்போறதில்ல. வண்டியாவது ஓடட்டும். சுனில் பாஸை வரச்சொல்லிட்டன்."

அது முதன்முதலாக இயங்கிய நாளை நான் மறக்கமாட்டேன். புகையைக் கக்கி, உடம்பெல்லாம் நடுங்கி, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. ஷிபானா கைதட்டினாள். மதிலுக்கு மேலால் அயலவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டீச்சரைக் காணவில்லை. தேடிக்கொண்டு குசினிக்குப் போனேன். கையில் கேத்தலோடு நின்றார்.

"சத்தம் வேறதான் டீச்சர். ஆனா கை இதை எடுத்திட்டுது" என்றார். அன்றுதான் அவர் அழுததை நான் கண்டேன். ஜவாத் போன நாளில்கூட அவர் என் முன்னால் அழவில்லை. நான் கேத்தலை வாங்கி அடுப்பில் வைத்தேன்.

அந்த வாகனம் பிறகு பார்த்த வேலை உங்களில் சிலருக்கு நேரடியாகத் தெரியும். பரீட்சைக் காலத்தில் பெருமழை பெய்து, சாம்பல்தீவுப் பக்கத்துப் பிள்ளைகள் வீதி வெள்ளத்தில் அகப்பட்டு நின்றபோது, பஸ்ஸும் ஆட்டோவும் திரும்பிவிட்டன. டீச்சர் போனார். பின்னால் படங்குக்குக் கீழே பிள்ளைகளை நெருக்கி இருத்தி, பெயர் அட்டைகளையும் பேனைகளையும் பொலித்தீன் பைகளில் கட்டச்சொல்லி, திரும்பத் திரும்ப ஓடினார். நான் பக்கத்தில் இருந்தேன். ஓரிடத்தில் தண்ணீர் கதவுப் படிக்கு மேலே வந்தது. பின் இருக்கையில் ஒரு பிள்ளை அழத் தொடங்கினாள். டீச்சர் கண்ணை வீதியிலிருந்து எடுக்காமல், கேக்குக்கு முட்டை அடிக்கும் முறையை முதலிலிருந்து சொல்லச் சொல்லி அந்தப் பிள்ளையிடம் கேட்டார். அவள் விம்மி விம்மிச் சொன்னாள். மாவைச் சேர்க்கும் இடத்துக்கு அவள் வந்தபோது நாங்கள் மேட்டில் ஏறியிருந்தோம். அன்று எல்லாப் பிள்ளைகளும் பரீட்சை எழுதினார்கள்.

ஓய்வுபெற்ற பிறகு எனக்கு வாகனம் ஓட்டப் பழக்கினார். இந்த வயதில் ஏலாது என்றேன். "வயசுக்கு லைசென்ஸ் கேக்கிறதில்ல" என்று சாவியைக் கையில் தந்தார்.

போன வருடம் அவருக்கு நோய் என்று தெரிந்தது. கொழும்பில் வைத்தியம் செய்தார்கள். வீட்டுக்குத் திரும்பி வந்தவர் நன்றாக மெலிந்துபோயிருந்தார். ஒரு காலை என்னைக் கூப்பிட்டு, இலங்கைத்துறைக்குப் போகவேண்டும் என்றார். கலியாணம் முடித்த புதிதில் ஜவாத்தோடு ஒருதரம் போன கடலாம். ஷிபானாவுக்கு விருப்பமில்லை. நான்தான் பொறுப்பெடுத்தேன்.

கிண்ணியாப் பாலம் கடந்து, மூதூரைத் தாண்டி மெதுவாகப் போனோம். கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு நடக்க முடியாது என்பதால் வாகனத்தைக் கடலுக்குக் கிட்ட விடப் பார்த்தேன். சில்லு மணலில் புதைந்தது. பதற்றத்தில் நான் மிதிக்க மிதிக்க இன்னும் ஆழமாக இறங்கியது. அவர் கையை நீட்டி என் முழங்காலில் வைத்தார்.

"காலை எடுங்க டீச்சர். சின்ன கியரில போட்டிட்டு விடுங்க. அது தானா இழுக்கும். நீங்க ஸ்டீயரிங்கை மட்டும் பிடிங்க."

நான்கு சில்லும் சேர்ந்து, நடக்கப் பழகும் பிள்ளையைப்போல ஊர்ந்து வெளியே வந்தது. கடலைப் பார்த்தபடி நிறுத்தினேன். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நினைத்தாரோ தெரியாது.

வாகனம் இப்போது ஷிபானாவிடம். அவளுடைய கணவர் ஓட்டுகிறார், நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். எனக்கு ஏதாவது வேண்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றேன். என்னிடம் இருப்பது அன்று கடலிலிருந்து திரும்பும் வழியில் கிடைத்தது. இத்தனை வருடத்தில் நாங்கள் ஒருவரையொருவர் 'டீச்சர்' என்றல்லாமல் அழைத்ததில்லை. பாலத்துக்குக் கிட்ட வந்தபோது, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவர் "வசந்தி" என்றார்.

"என்ன? எங்கேயும் நோகுதோ?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்ல. கூப்பிட்டுப் பாத்தன்."