எடை மெஷினும் சுறாப்புட்டும்

ஆஸ்பத்திரியில் நோயாளிக்குக் கட்டில் உண்டு, டாக்டருக்குச் சுற்றுகிற நாற்காலி உண்டு, கூட வந்தவருக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் உண்டு. சாய்மானம் இல்லாத அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதுதான் இப்போது என் உத்தியோகம். உங்களில் யாராவது அதில் உட்கார்ந்திருந்தால் நான் சொல்வது புரியும். உட்காராதவர்கள் நல்லா இருங்கள், அப்படியே இருங்கள்.

எங்கள் வீட்டுக்காரருக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. பரிசோதனை செய்தால் புற்றுநோய். சாயல்குடியிலிருந்து உள்ளே தள்ளி எங்களுக்கு மிளகாய்ப் புஞ்சை. அங்கிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மதுரைக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறோம். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் ‘பெரிய ஊசி’. முதல் நாளே டாக்டர் சொல்லிவிட்டார்: எடை குறையக் கூடாது, குறைந்துகொண்டே போனால் அடுத்த ஊசியைத் தள்ளி வைக்க வேண்டி வரும். நான் எட்டாவதோடு நின்றவள். அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியே தூக்கத்தைக் கெடுக்கப் போதுமாக இருந்தது.

காரத்துக்குத் தடை

முதல் ஊசி முடிந்ததும் வாயெல்லாம் புண். என்ன சாப்பிடலாம் என்று சொல்லித்தர ஆஸ்பத்திரியில் ஒரு பெண் இருக்கிறது. கண்ணாடி போட்ட சின்னப் பெண். “காரம் எவ்வளவு சேர்ப்பீங்க?” என்று கேட்டது. எங்கள் ஊர்க் குண்டு மிளகாயைக் கிள்ளிப் போட்டாலே அடுத்த வீட்டில் தும்முவார்கள். இவரோ கஞ்சிக்கே நாலு மிளகாயைச் சுட்டு வைத்துக்கொள்கிறவர். நான் வாயைத் திறப்பதற்குள் இவரே, “சும்மா லேசாத்தாம்மா” என்றார். நான் பின்னாலிருந்து இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன்.

காரமே கூடாது என்று சொன்னதும் இவர் முகம் தொங்கிவிட்டது. “நான் மிளகாய் வெவசாயிம்மா. காரமில்லாமத் திங்கிறதுக்கு எதுக்கு வெவசாயம் பாக்கணும்?” என்றார். அந்தப் பெண் சிரிக்கக்கூட இல்லை. சொன்னது: “விளைய வைங்கய்யா, விக்கவும் செய்யுங்க. திங்க வேண்டாம்னுதான் சொல்றேன்.”

நோன்பு இல்லாத கஞ்சி

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆரஞ்சும் ரொட்டியும் கொண்டு வந்தார்கள். வீடு பழக்கடை மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொருவரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, “எப்படி இருந்த மனுசன்!” என்று அவர் காது கேட்கவே சொல்லிவிட்டு, நான் போட்ட காப்பியைக் குடித்துவிட்டுப் போவார்கள். இவருக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை. எதை வைத்தாலும் மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறதாம்.

எங்கள் மிளகாயை வருசா வருசம் எடுக்கிறவர் இராமநாதபுரத்தில் கமிஷன் கடை வைத்திருக்கும் பாய். விலை பேசும்போது இவரும் அவரும் அடிதடிக்குப் போகிற மாதிரிதான் பேசுவார்கள். அந்தப் பாய் ஒரு நாள் தூக்குவாளியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். உள்ளே நோன்புக் கஞ்சி. குழைந்த அரிசி, தேங்காய்ப்பால், பூண்டு, நல்லா வெந்த கறி கொஞ்சம். காரம் இல்லை. இவர் அரை வாளியைக் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தார். நான் சேலை முந்தானையில் மூக்கைச் சிந்தினேன். அதற்குப் பிறகு வாரம் இரண்டு வாளி வந்தது. உங்களுக்குச் சிரமம் என்று சொன்னதற்குப் பாய் சொன்னார்: “சிரமமெல்லாம் இல்ல தங்கச்சி. எங்க வீட்டுப் புள்ளைகதான், நமக்குச் சொல்லாம நோன்பு வந்துருச்சான்னு கேக்குதுக.”

எந்தக் கோயில்?

இரண்டாவது ஊசிக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. நாவிதரைக் கூப்பிட்டு ஒரேயடியாக வழித்துவிட்டோம். மொட்டைத்தலையோடு பஸ்ஸில் ஏறினால் நம் பக்கத்தில் சும்மா விடுவார்களா? பக்கத்து சீட்டு ஆள், “எந்தக் கோயிலு?” என்றார். இவர் கூசாமல், “திருச்செந்தூரு” என்றார். உடனே அந்த ஆள் கையை நீட்டிவிட்டார், திருநீறு கேட்டு. நான் என் பையில் கிடந்த திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துச் சமாளித்தேன்.

திரும்பி வரும்போது ஒரு பெரியவர். இவர் தலையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என் முகம் எப்போதும் இழவு வீட்டு முகம்தான், அதற்கு நான் என்ன செய்ய? “ராமேஸ்வரம் போயிட்டு வாரீகளா? காரியமா? யாரு தவறுனது?” என்று மெதுவாகக் கேட்டார். இவர் சொன்னார்: “இன்னும் முடிவாகலண்ணே.” இவர் தொடையில் நான் கிள்ளிய கிள்ளு ஊர் வந்து சேரும்வரை சிவந்திருந்தது. பெரியவர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கும்போது இவர் தோளைத் தட்டிச் சொன்னார்: “முடிவாகாட்டிப் போகுது தம்பி, மொதல்ல ஒம்பொண்டாட்டிய சிரிக்கச் சொல்லு.”

ஈரமிளகாய்

மிளகாய் மூட்டையில் தண்ணீர் தெளித்து எடை ஏற்றுகிறவர்களைக் கண்டால் இவருக்கு ஆகாது. சந்தையில் சண்டைக்கே போயிருக்கிறார். அப்படிப்பட்ட மனுசன், மூன்றாவது ஊசிக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலில் நின்று இரண்டு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தார். தாகம் என்று நினைத்தேன். எடை மெஷினில் ஏறினார். போன தடவைக்குச் சரியாக வந்தது. என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

எடை பார்க்கிற சிஸ்டர் இவர் வயிற்றைப் பார்த்தது, என் கையில் இருந்த காலிப் பாட்டில்களைப் பார்த்தது. குறிக்காமல் பேனாவை மூடிவிட்டது. “ஐயா, பாத்ரூம் அந்தப் பக்கம். போயிட்டு வந்து ஏறுங்க.”

அக்கா, தயிரு

போய்விட்டு வந்து ஏறினால் முள் கீழே. அந்த ஊசி எப்படியோ போட்டுவிட்டார்கள். அடுத்த தடவை இப்படி வந்தால் தள்ளி வைப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் சோற்றைப் பிசைந்து கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க இவர் பின்னாலேயே நடந்தேன். ஒவ்வொரு வாய்க்கும் தொண்டைக்குள் இறங்குகிறதா என்று பார்ப்பேன். இரண்டு வாயில் போதும் என்று எழுந்துவிடுவார்.

பாம்பனில் மீன் வண்டி ஓட்டுகிற என் தம்பி பால்சுறாவோடு வந்தான். வேக வைத்து உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் போட்டு, மிளகாய் இல்லாமல் புட்டு செய்தேன். “இது புள்ள பெத்தவளுக்குக் குடுக்குறதுல்ல?” என்றார் இவர். “ஆமா மச்சான், நல்லாப் பால் ஊறும். சாப்பிடுங்க” என்றான் தம்பி. “ஏலே!” என்று இவர் கையை ஓங்கினார். “வேணாம்னா விடுங்க, நான் திங்கிறேன்” என்று அவன் தட்டை இழுத்தான். இவர் திருப்பி இழுத்தார். நான் நடுவில் குனிந்து இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி, “அக்கா, கடைக்குப் போயித் தயிரு வாங்கிட்டு வா” என்றான். வீட்டிலேயே தயிர் இருக்கிறதே என்றேன். “அது புளிச்சுப் போச்சு, போ” என்றான்.

வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் தட்டு காலி. இரண்டு பேரும் ஏப்பம் விட்டுக்கொண்டு இருக்கிறார்கள். “நீதானே தின்ன?” என்று தம்பியைப் பிடித்தேன். அவன் சொன்னான்: “எனக்குப் பாதிகூடத் தரலக்கா. நீ அங்கன நின்னு எமன் மாதிரி பாத்தா யாருக்கு எறங்கும்?”

மறுபடியும் மெஷின்

அன்றிலிருந்து வேளா வேளைக்கு எனக்குத் தயிர் வேலை. நாலாவது ஊசிக்குப் போனபோது சிஸ்டர் முதலிலேயே பாத்ரூமைக் காட்டியது. போய்விட்டு வந்து ஏறினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். “ஏறியிருக்கும்மா, ஊசி உண்டு” என்றது சிஸ்டர். “எல்லாம் சுறாப்புட்டு செஞ்ச வேலை” என்றார் இவர். சந்தோசத்தில் ஸ்டூலில் உட்காரப் போனேன், தலை சுற்றித் தரையில் உட்கார்ந்தேன். சிஸ்டர் என்னைத் தூக்கி அதே மெஷினில் நிறுத்திப் பார்த்து, முன்னே எவ்வளவு இருந்தேன் என்று கேட்டுவிட்டு இவரிடம் திரும்பியது: “ஐயாவுக்கு ஏறுனதைவிட அம்மாவுக்குக் குறைஞ்சது ஜாஸ்தி. அடுத்த புட்டு இவங்களுக்கு.”

இன்னும் ஊசி பாக்கி இருக்கிறது. இப்போது நான் சாப்பிட உட்கார்ந்தால் இவர் எதிரே குனிந்து என் தொண்டையையே பார்க்கிறார்; அதனால் எங்கள் வீட்டில் ஒருவர் சாப்பிட வேண்டுமென்றால் மற்றவர் தயிர் வாங்கக் கடைக்குப் போயாக வேண்டியிருக்கிறது.