கண்ணாடியில் தெரிந்த தேசிக்காய்

காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகும் வீட்டுவண்டியான கரவன், காரைவிட அகலமானது. அதனால் காரின் பக்கக் கண்ணாடிகளில் இன்னொரு சோடிக் கண்ணாடியை வெளியே நீட்டி மாட்டவேண்டும். முதற்பயணத்தன்று காலை, வெளியில் நின்று குனிந்து பார்த்தே அவற்றைத் திருப்பி வைத்துவிட்டேன்.

என் மனைவி பீலெஃபெல்டில் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். சில்லுகளுக்குக் கீழே வைத்து நசிக்க இரண்டு தேசிக்காயோடு வந்தாள்.

"படிச்ச ஆக்கள் செய்யிற வேலையே இது?" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் கரவனின் பின்மூலைகளில் நிலத்தில் ஒவ்வொன்றாக வைத்துவிட்டு வந்தாள்.

"இஞ்சேருங்கோ, காரில ஏறி பெல்ட்டைப் போட்டு, ஓடேக்க இருக்கிற மாதிரிச் சாய்ஞ்சு இருங்கோ. தேசிக்காய் தெரியுதோ?"

இடது கண்ணாடி முழுக்கக் கரவனின் சுவர். வலதில் வானம்.

"இல்லை."

ஒற்றை விரலால் கண்ணாடியை மெல்லத் தள்ளினாள். கரவனின் ஓரமும் பின்னால் தெருவும் வந்தன. கீழே தேசிக்காயும் மஞ்சளாய் வந்து நின்றது. மற்றப் பக்கமும் அப்படியே. இவ்வளவு சுத்தமாக வேலை செய்யும் ஒருவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

"இப்ப?"

"ஓம், ரெண்டும் தெரியுது."

அவள் போய் இரண்டையும் எடுத்துச் சில்லுகளுக்குக் கீழே வைத்தாள்.

"இனிச் சாமிக்கு," என்றாள்.

சில்லுகள் இரண்டையும் நசிக்க, நான் காரை எடுத்தேன்.