பஞ்சாயத்தில் முடிந்த குத்துச்சண்டை

எங்கள் புளி மண்டியின் உத்தரத்தில் எப்போதும் ஒரு மூட்டை தொங்கும். விற்பதற்கல்ல, அண்ணன் குத்துவதற்கு. காலையில் கடை திறக்கும் முன்பே தொம் தொம்மென்று சத்தம் தெருமுனை வரை கேட்கும். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் எங்களைக் கிண்டல் செய்யாத ஆளில்லை. “பாய், உங்க அண்ணன் குத்திக் கொட்டை எடுத்த புளியா பாத்துக் குடுங்க” என்பார்கள். அண்ணனும் சேர்ந்து சிரிப்பார். மூக்கு இரண்டு முறை உடைந்திருந்ததால் அந்தச் சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வரும்.

தென்னாற்காடு முழுக்க டிக்கெட் போட்டுக் குத்துச்சண்டை நடந்த காலம் அது. வாரமெல்லாம் தராசு பிடித்த மனிதர், ஞாயிற்றுக்கிழமையானால் விழுப்புரத்திலோ பண்ருட்டியிலோ தகரம் அடைத்த மைதானத்தில் கையுறையோடு நிற்பார். தண்ணீரும் துண்டுமாக மேடையின் மூலையில் நிற்பது என் வேலை. அடித்து வீழ்த்திய ஆளை முதலில் ஓடிப்போய்த் தூக்கிவிடுவது அண்ணனாகத்தான் இருக்கும். எனக்கு அது பிடிக்காது. ஜெயித்தவன் கொஞ்சமாவது மிடுக்காக நிற்க வேண்டாமா?

அவருக்குச் சமமான ஆள் ஒருவர்தான், கடலூர்க்காரர். மேடையில் அடித்துக்கொள்வார்கள், இறங்கியதும் ஒரே டீயைப் பாதிப் பாதியாகக் குடிப்பார்கள். ஒருமுறை, எங்களுக்குப் புளி கொண்டுவரும் கல்வராயன் மலைக்காரர்கள், தங்கள் ஊர்த் திருவிழாவில் வந்து அந்தச் சண்டையைக் காட்டச் சொன்னார்கள். இருவரும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்கள். கயிறும் கையுறையும் சுமந்துகொண்டு மலையேறினோம்.

கோயில் முன்னால் நான்கு கம்பு நட்டுக் கயிறு கட்டினோம். ஊரே கூடியது. மூன்றாவது சுற்றில் அண்ணனின் இடது கைக் குத்து விழுந்து கடலூர்க்காரரின் உதடு கிழிந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் பெண்கள் அலறினார்கள். நாலைந்து ஆண்கள் கயிற்றுக்குள் பாய்ந்து இருவரையும் பிடித்து இழுத்துவிட்டார்கள். எங்களைக் கூப்பிட்டவர்கள் கீழே சந்தையில் அதைப் பற்றிய பேச்சைத்தான் கேட்டிருந்தார்கள், சண்டையைப் பார்த்ததில்லை. மற்றவர்களுக்கு அதுவும் தெரியாது. அவர்கள் தலைவரான ஊர்க்கவுண்டர், நல்ல வயசாளி, இருவரையும் மரத்தடியில் உட்காரவைத்துப் பஞ்சாயத்தைத் தொடங்கிவிட்டார்.

“இன்னாத்துக்குப்பா அடிச்சிக்கினீங்க? நெலத் தகராறா?”

“இது வெளயாட்டுங்க ஐயா” என்றார் அண்ணன்.

“வெளயாட்டுல ரத்தம் வருமா? மறைக்காத சொல்லு.”

எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. கடைசியில் இருவருக்கும் ஒரே இலையில் சாமைச்சோறு போட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும், இனி ஒருவரை ஒருவர் தொட்டு அடிப்பதில்லை என்று வாக்குக் கேட்டார்கள். கடலூர்க்காரர் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். அண்ணன் பெரியவரின் உள்ளங்கையில் தன் கையை வைத்து, “அடிக்க மாட்டேன்” என்றார். இறங்கும் வழியெல்லாம் எனக்கும் கடலூர்க்காரருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் போட்டி நடத்துகிறவர் மண்டிக்கே வந்தார். ஜில்லாப் பட்டத்துக்குக் கடலூரில் சண்டை, ஜெயிக்கிறவருக்கு மெட்ராஸ் மேடை. அண்ணன் பத்து வருஷமாகக் காத்திருந்தது அதற்குத்தான். எதிராளி யாரென்று கேட்டார். கடலூர்க்காரர் என்றதும், “முடியாதுங்க” என்று சொல்லிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “நீ கற்பூரங்கூட அணைக்கலியே” என்று கத்தினேன்.

“அந்தப் பெரியவரு கையில குடுத்தேனே” என்றார்.

கடலூர்க்காரரே பஸ் ஏறி வந்து கெஞ்சினார். “சும்மா வெளயாட்டா சொன்னதுதான, வாப்பா.”

“பெரியவருக்கு அது வெளயாட்டு இல்லியே.”

சரி, மலைக்குப் போய் விஷயத்தைச் சொல்லி வாக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு வரலாம் என்றேன். அண்ணன் வேண்டாமென்று தலையை ஆட்டினார். “போய்க் கேட்டா சரின்னுடுவாரு. அதான் கேக்கக் கூடாது.”

வேறொருவரை அடித்துக் கடலூர்க்காரர் பட்டம் வாங்கினார். அவர் படம் போட்ட மெட்ராஸ் சுவரொட்டி எங்கள் பஸ் நிலையத்திலும் ஒட்டப்பட்டது. அண்ணன் பயந்துவிட்டார் என்று ஊர் பேசியது. அவர் இன்னும் இரண்டு வருஷம் சின்ன ஊர்களில் சண்டை போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். அப்படி ஒரு வாய்ப்பு மறுபடி வரவில்லை. எனக்கு மட்டும் ஆறவே இல்லை.

பிறகு ஒரு சந்தை நாளில் ஊர்க்கவுண்டரே புளிக்கூடையோடு வந்தார். மூட்டையை நிறுத்துக்கொண்டிருந்த அண்ணனை உற்றுப் பார்த்தார்.

“அந்த ஆளும் நீயும் அப்புறம் அடிச்சிக்கலியே?”

“இல்லீங்க ஐயா.”

பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. “எனக்குத் தெரியும். எங்க பசங்க வெட்டுக்குத்துன்னு நின்னா ஒங்க கதையத்தான் சொல்லிக்கினு இருக்கேன். அம்மாம் பெரிய கைகாரனுங்களே வாக்குக் குடுத்துட்டு அடங்குனானுங்க, ஒங்களுக்கு இன்னாடான்னு கேப்பேன். கேட்டுக்கினு அருவாளக் கீழ வச்சிருக்கானுங்க.”

பெரியவருக்கு டீ வாங்கி வர நான் எழுந்தேன். “நீ இரு” என்று அண்ணன் என் தோளை அமுக்கி உட்காரவைத்துவிட்டு, அவரே டம்ளரை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.