மஞ்சப்பையில் ஒரு காந்தம்

என் வீட்டுக்காரர் ராமுலு இதுவரை சொந்தமாக ஒரு கார் வாங்கியதில்லை. ஆனால் சிங்காநல்லூரில் எங்கள் தெருவில் பழைய கார் வாங்கிய யாரைக் கேட்டாலும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். பம்ப்செட் கம்பெனியில் மோட்டாரை ஓடவிட்டு, சத்தத்தைக் கேட்டே தேறியது தேறாதது என்று பிரிக்கிற வேலை அவருக்கு. அந்தப் புத்தி வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, சொஜ்ஜித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து, "ஏனுங்க, இந்த ஃபேன்ல பேரிங் போயிருச்சுங்களே" என்ற மனுஷன். என்னைப் பார்த்தாரா என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால் முகம் மாறிவிடும். குளிர்ந்து கிடக்கும் எஞ்சின் கிளம்பும்போதுதான் அதன் சீக்கெல்லாம் வெளியே வருமாம். விற்கிறவன் முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறான் என்று அர்த்தம். அடுத்து, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைத் துணியில் சுற்றி வண்டியின் மேல் தடவுவார். தகரம் என்றால் ஒட்டும். அடிபட்ட இடத்தில் பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருந்தால் ஒட்டாது. கடைசியில் சீட் பெல்ட்டை அடிவரை இழுத்து, அங்கே தைத்திருக்கும் துண்டில் எந்த வருஷத்து பெல்ட் என்று படிப்பார். வேகத்துக்கென்றே செய்த வண்டி என்றால் இன்னும் மோசம். முந்தைய ஆள் அதை எந்த விரட்டு விரட்டினானோ என்று டயரின் ஓரம், பிரேக் தட்டு, டர்போவின் விசில் என ஒவ்வொன்றையும் பார்த்து முடிக்க அரை நாள் ஆகும். கூடப் போனவர்கள் பசியில் செத்துவிடுவார்கள்.

எங்கள் பையன் தேஜாவுக்கு அப்படி ஒரு வேக வண்டி மேல்தான் ஆசை வந்து தொலைத்தது. அவனுடைய அக்கா தேஜஸ்ரீயைப் பொள்ளாச்சியில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை யஷ்வந்த்திடம் ஒரு சிவப்பு டர்போ வண்டி உண்டு. நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அப்பாவை நைனா என்போம், அக்கா புருஷனைப் பாவா என்போம். "பாவா வண்டியை விக்கப் போறாராம் நைனா. ஃபிரண்டு சொன்னான். நாம வாங்கிக்கலாம்" என்று தேஜா குதித்தான்.

இவர் உடனே சம்பந்தி ரங்கராஜுக்குப் போன் போட்டார். அவர் தென்னந்தோப்புக்காரர், தங்கமான மனுஷன். வண்டிப் பேச்சை எடுத்ததும் இருமினார். "அது வேண்டாங்க சம்பந்தி. வேற நல்ல வண்டியா நானே பாத்துச் சொல்றனுங்க" என்றார்.

இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார். "விக்கறவன் வாங்கு வாங்குன்னுதான் சொல்லுவான். வாங்காதேன்னு சொல்றவரை இப்பத்தான் பாக்கறேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஊரில் யாருக்கோ கொடுப்பார்களாம், பெண் கொடுத்த எங்களுக்குத் தர மனசு வராதாமா? இவருக்கோ வேறு பயம். வண்டியில் கோளாறு இருந்து, அது தெரியாமல் பையன் வாங்கி, வால்பாறை மலையில் வளைவுக்கு வளைவு பறந்தால் என்ன ஆவது? சரி, சோதித்து வாங்கலாம் என்றால், மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் போய் அவர்கள் பொருளைச் சந்தேகப்பட்டுத் தடவிப் பார்ப்பதா? நாளைக்கு அந்த வீட்டில் வாழப்போவது யார்? சோதித்தால் மகள் பாடு, சோதிக்காவிட்டால் மகன் பாடு. பாவம், இரண்டு ராத்திரி புரண்டு புரண்டு படுத்தார்.

"நேர்லயே போயிப் பாத்துட்டு வந்தர்லாம். ஆனா காந்தம் கீந்தம்னு எடுத்தீங்க, நான் மனுஷியா இருக்கமாட்டேன்" என்று கண்டித்துச் சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்லணும்.

எனக்கும் மகளைப் பார்த்து நாளாகியிருந்தது. மாசியில் அவளுக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலை கட்டிய வீட்டுக்கு வெளியாள் போகக்கூடாது என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பெற்றவளே ஆனாலும் நான் வெளியாள்தான். வீடியோவில் முகத்தைக் காட்டடி என்றால், "பூராக் கொப்புளம்மா, வேண்டாம்" என்றுவிட்டாள். இங்கே மாரியம்மன் கோயிலில் மாவிளக்கு எடுத்து அழுதுவிட்டு வந்தேன். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள் என்று சொன்ன பிறகும், சித்திரை முழுக்க ஏதேதோ சாக்கு. இப்போது வைகாசி. நேந்திரம் சீப்பு, மல்லிகைப்பூ, முறுக்கு என்று மஞ்சப்பையை நிரப்பிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

நினைத்ததை விடச் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டோம். வாசலில் இறங்கும்போது சிவப்பு வண்டி கேட்டைத் தாண்டி வெளியே வந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் மாப்பிள்ளை அப்படியே பின்னால் எடுத்து, தேங்காய்க் கொட்டகைக்குள் விட்டுவிட்டு ஓடி வந்தார். "வாங்க மாமா, வாங்க அத்தை." நெற்றியெல்லாம் வேர்வை. 'சூடு பண்ணிட்டாங்க' என்று இவர் என் காதில் முணுமுணுத்தார். நான் இடுப்பில் இடித்தேன்.

அதற்குப் பிறகு நடந்த உபசாரம் இருக்கிறதே, அப்பப்பா! இவர் கொட்டகைப் பக்கம் திரும்பினால் இளநீர் வரும். எழுந்தால் காப்பி வரும். "ஒறம்பறையா வந்த சம்பந்தி சும்மா உக்காந்திருந்தா எங்களுக்கு மரியாதைங்களா? தோப்பைப் பாக்கலாம் வாங்க" என்று சம்பந்தி இவரைத் தோப்புக்கு இழுத்துப் போய்விட்டார். அங்கே ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கதை. தேஜா மட்டும் கொட்டகையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டியைத் தரவும் மாட்டார்கள், காட்டவும் மாட்டார்கள், தங்கத் தாம்பாளத்தில் வைத்துத் தாங்கவும் செய்வார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மதியம் இலை போட்டார்கள். தேஜஸ்ரீ பொரியலை இடது கையால் பரிமாறினாள். எனக்கு மானம் போயிற்று. வளர்த்த லட்சணம் என்று சம்பந்தியம்மா என்னை அல்லவா நினைப்பார்? "சோத்துக்கை எங்கடி போச்சு? மாமனார் எலைல இடது கையாலயா வெப்பாங்க?" என்று பல்லைக் கடித்தேன். சம்பந்தியம்மா பதறிப்போய், "உடுங்க சம்பந்தி, அம்மணி எந்தக் கையால வெச்சா என்னங்க" என்று கரண்டியைத் தான் வாங்கிக்கொண்டார். தேஜஸ்ரீ துப்பட்டாவை வலது தோளில் இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாமியார் மருமகளுக்கு இப்படிப் பரிந்து பேசுவதும் எனக்குப் புதிதாக இருந்தது.

சாப்பிட்ட பிறகு இனி தடுக்க ஒன்றும் மிச்சமில்லை. எல்லோரும் கொட்டகைக்குப் போனோம். இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயில் பிரகாரம் சுற்றுவதுபோல் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். "நல்லா இருக்குதுங்க" என்றார். குனியவில்லை, தொடவில்லை. மரியாதை! தேஜாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப எடுத்துக்கலாமா நைனா?" என்றான். இவர் வாயைத் திறந்தார், மூடினார். எடுக்கலாம் என்கிறாரா வேண்டாம் என்கிறாரா என்று அவருக்கே தெரியவில்லை.

நான் பின் கதவுப் பக்கம் ஓரமாக நின்றிருந்தேன். முறுக்கைக் கொடுக்க மறந்து தோளிலேயே மாட்டியிருந்த மஞ்சப்பை ஆடி, டக்கென்று கதவில் ஒட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. பைக்குள் கையை விட்டேன். முறுக்குப் பொட்டலத்துக்கு அடியில், துணியில் சுற்றிய அந்தப் பாழாய்ப்போன காந்தம்! இவரை ஒரு முறை முறைத்தேன். மனுஷன் கூரையைப் பார்த்தார்.

வெடுக்கென்று பையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தேன். பை ஓட்டுநர் பக்கக் கதவில் இடித்தது. ஒட்டவில்லை. இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தேன். வழுக்கி விழுந்தது. இத்தனை வருஷம் இவரோடு குடித்தனம் செய்தவளுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டுமா?

"ஏனுங்க சம்பந்தி," என்றேன். கோபத்தில் குரல் கீச்சென்று வந்தது. "பட்டி பூசின வண்டியை என்ற பையன் தலைல கட்டலாம்னு இருந்தீங்களா?" சொல்லி முடிக்கும்போதே எனக்கு இடித்தது. கட்டப் பார்க்கவில்லையே, வேண்டாம் என்றுதானே தலைபாடாக அடித்துக்கொண்டார்கள்? அப்படியானால் நான் யார் மேல் கோபப்படுவது?

சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார். இவர் இப்போது மரியாதையை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். ஓட்டுநர் சீட் பெல்ட்டை அடிவரை இழுத்துத் துண்டைப் படித்தார். சுற்றிப் போய் மற்ற பெல்ட்டையும் படித்தார். திரும்ப வந்து முதல் பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது ஒண்ணு மட்டும் இந்த வருசத்து பெல்ட்டுங்க. பலமா அடிபட்டிருந்தாத்தான் பெல்ட்டை மாத்துவாங்க" என்றார். பிறகு மெதுவாக, "யாருங்க ஓட்டினது?" என்று கேட்டார்.

"நான்தான் மாமா" என்றார் மாப்பிள்ளை, கேள்வி முடியும் முன்பே.

"இல்லீங்க நைனா, நான்."

கொட்டகை வாசலில் தேஜஸ்ரீ நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை. அந்த வண்டி இருக்கிற இடத்துக்கு அவள் வருவதே இல்லை என்று பிறகு சொன்னார்கள். மாசி மாதம், ஆனைமலை ரோட்டில், தனியாக ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். கன்றுக்குட்டி ஒன்று குறுக்கே பாய்ந்திருக்கிறது. ஸ்டீயரிங்கை ஒடித்த வேகத்தில் வண்டி புளியமரத்தில் பக்கவாட்டில் மோதியிருக்கிறது. வலது தோள்பட்டை எலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். துப்பட்டாவை விலக்கிக் காட்டினாள். கழுத்தடியிலிருந்து தோள்வரை தையல் தழும்பு, இன்னும் சிவப்பாக.

"சொல்லக்கூடாதுன்னு பொண்ணு கெஞ்சுச்சுங்க" என்றார் சம்பந்தி. அவர் கண் கலங்கியிருந்தது. "வெளியாளுக்கு அடிபட்ட வண்டின்னு சொல்லித்தானுங்க குடுக்கப்போறோம். உங்களுக்கு என்னன்னுங்க சொல்றது? நீங்க வந்து பாக்கறதுக்குள்ள சிநேகிதன் தோப்புல கொண்டுபோயி நிறுத்தச் சொன்னேன். அதுக்குள்ள வந்துட்டீங்க."

தேஜா வண்டியின் மேல் வைத்திருந்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டான்.

மாசி. அப்படியானால் கொப்புளம்? வேப்பிலை? தினமும் காலையில் போன் செய்து, "காஞ்சிருச்சா கண்ணு?" என்று கேட்டேனே, "காய்ஞ்சுட்டு வருதும்மா" என்றாளே, அது எது காய்ந்தது? நான் எடுத்த மாவிளக்கை வாங்கிக்கொண்ட அம்மனுக்கே குழம்பியிருக்கும்.

"ஏண்டி, பொய் சொல்றதுக்கு உனக்கு அம்மைதான் கெடைச்சுதா?" என்று கத்தினேன். "காச்சல்னு சொல்லக்கூடாதா? வயித்துவலின்னு சொல்லக்கூடாதா?"

"காச்சல்னு சொன்னா அடுத்த பஸ்ஸுல வந்து நின்னிருப்பே" என்றாள். "நீ வந்து திட்டறதைத் தாங்கற தெம்பு அப்ப எனக்கு இல்லம்மா. அம்மைன்னு சொன்னாத்தான் நீ வரமாட்டே."

இவர் அந்த பெல்ட்டை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். கையை விட்டதும் அது சரக்கென்று உள்ளே போனது. நேராக மகளிடம் போய், தழும்பின் மேல் படாமல் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தார். "வலிக்குதா கண்ணு?" என்றார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவர் நம்பவில்லை. கையையும் எடுக்கவில்லை.

"சாப்பிட்டியாடி?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லை" என்றாள்.

உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, சோற்றைப் பிசைந்து நானே ஊட்டினேன். சம்பந்தியம்மா ரசம் கொண்டுவந்து வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். அவளைத் திட்டுவதற்கு எனக்கு எவ்வளவோ இருந்தது. முதலில் சாப்பிடட்டும் என்று வைத்துக்கொண்டேன்.