வீட்டோட வந்துடுங்க!

சென்ற வருடம் சித்திரை மாதம், ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. கல்யாணம் இல்லை, சைக்கிளுக்காக ஒரு விருந்து!

சிரிக்காதீர்கள். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்னதும், நாற்பத்தைந்து வயதில் சைக்கிள் வாங்கியவள் நான். கம்பெனியில் பாகங்களின் தரம் பார்க்கும் வேலை. வாரம் முழுக்க இரும்புச் சத்தம்தான். ஞாயிறு காலையில் மட்டும் ராயக்கோட்டைப் பக்கம் மலையடிவாரத்து ஒற்றையடிப் பாதையில், தடித்த டயர் சைக்கிளில் குலுங்கிக் குலுங்கிப் போவேன். ஃபிட்டர், பேங்க் ஊழியர், பெங்களூரு ஐ.டி.க்காரர்கள் என்று எங்கள் குழு ஒரு கதம்பம். "விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டா யார் சமைக்கிறது?" என்று என் கணவர் கிண்டல் செய்வார். ஆனால் அந்தக் காலை இல்லாவிட்டால் மற்ற நாட்கள் எனக்கு ஓடாது.

அந்தப் பாதைக்குத்தான் ஆபத்து வந்தது. ஓரிடத்தில் அது ஒரு தக்காளித் தோட்டத்தை ஒட்டிப் போகிறது. வேகமாக வந்த யாரோ தோட்டத்துக்குள் இறங்கி, பூவும் பிஞ்சுமாக நின்ற செடிகளையும் சொட்டுநீர்க் குழாயையும் நசுக்கிவிட்டார்கள். தோட்டத்துக்கார அம்மா மறுநாளே பாதையில் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை. தோட்ட ஓரம் கல் வைத்து வரப்பு கட்டிக் கொடுக்கலாம், மழை அரித்த இடங்களையும் சரிசெய்யலாம் என்று முடிவு செய்தோம். அதற்குப் பணம் திரட்டத்தான் டிக்கெட் போட்டு இந்த விருந்து. ஆனால் அந்த அம்மா சம்மதிக்காவிட்டால் கல்லும் இல்லை, பாதையும் இல்லை.

அவரை அழைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. அழைப்பிதழின் மூலைகளில் மஞ்சள் தடவி, தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம் வைத்துக்கொண்டு போனேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டை மட்டும் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது, விசேஷத்துக்கு அழைக்கிற எல்லோரும் சொல்வது போல நானும், "ஊர்ல எல்லாரையும் கூட்டிக்கிட்டு வீட்டோட வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்துவிட்டார்கள்!

விருந்து ஆரம்பிக்கிற நேரத்தில் இரண்டு குட்டியானைச் சரக்கு வண்டிகள் வாசலில் நின்றன. பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாகப் பெண்கள், வெள்ளை வேட்டியில் ஆண்கள், இடுப்பில் குழந்தைகள். எல்லோருக்கும் முன்னால் தோட்டத்து அம்மா, கையில் தேங்காயும் மாம்பழமும் வைத்த சீர்த்தட்டோடு. பின்னால் பெட்டி பெட்டியாகத் தக்காளி இறங்கியது.

"தட்டு வெச்சு கூப்ட்டப்புறம் வராம இருப்போமாக்கா? ஊர்ல இன்னிக்கு ஒரு வூட்லயும் அடுப்பு பத்த வெக்கல."

சமையல்காரர் டிக்கெட் கணக்குக்குத்தான் சமைத்திருந்தார். எங்கள் குழுவின் தலைவர் கன்னடக்காரர். அவரிடம் போய், "நான்தான் கூப்பிட்டேன் சார்" என்று முணுமுணுத்தேன். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கினார். நாங்களும் ஆளுக்கொரு பாத்திரத்தைத் தூக்கினோம். ஊர்க்காரர்களை முதல் பந்தியில் உட்காரவைத்துவிட்டு, டிக்கெட் வாங்கியவர்களிடம் அடுத்த பந்தியில் உட்காரச் சொல்லிக் கெஞ்சினோம். ஒருவர் மட்டும், "காசு குடுத்து டிக்கெட் வாங்கினவன் காத்திருக்கணுமா?" என்று சத்தம் போட்டார்.

தோட்டத்து அம்மாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. "ஏக்கா, இதுக்கு டிக்கெட்டா?" என்றார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. ஊரையே திரட்டி வந்து இப்படி உட்கார்ந்துவிட்டோமே என்ற கூச்சம். இலையை மூடப் போனார். சட்டென்று குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கூப்பிட்டது நான்தாம்மா. இது என் வீட்டு விசேஷம். நீங்க எழுந்துட்டா எனக்குத் தாங்காது" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. சத்தியமாக, பாதையும் வரப்பும் அப்போது என் நினைவில் இல்லை. என் வார்த்தையை நம்பி அடுப்பு பற்றவைக்காமல் வந்தவர் பசியோடு திரும்பக் கூடாது, அவ்வளவுதான்.

அவர் என்னையே பார்த்தார். "நீங்க சாப்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். பின்னால் யாரோ காலிப் பாத்திரத்தைச் சுரண்டும் சத்தம் கேட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது.

ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து தன் ஊர்ப் பெண்களிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அவ்வளவுதான், பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எல்லோரும் சமையற்கட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள். சீராக வந்த தக்காளியெல்லாம் அரிவாள்மணைக்குப் போனது. என் கணவர் எதிரில் இருந்த கடைக்கு அரிசி வாங்க ஓடினார். கொஞ்ச நேரத்தில் தக்காளிச் சாதத்தின் மணம் மண்டபம் முழுக்க!

இப்போது நாங்கள் உட்கார்ந்தோம், அவர்கள் பரிமாறினார்கள். சத்தம் போட்டாரே, அவர் இரண்டாம் முறை சாதம் கேட்டபோது தோட்டத்து அம்மா கரண்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "டிக்கெட் வெச்சிருக்கீங்களா சார்?" என்றார். மண்டபமே சிரித்தது. அவரும்தான் சிரித்தார், பாவம்.

பாதையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. வண்டியில் ஏறும்போது அவராகவே சொன்னார்: "கல்லு வெச்சுக் கட்டுங்க. ஆனா முள்ளு கெடக்கட்டும்க்கா. வந்தா ஒரு கொரல் குடுங்க, நான் வந்து எடுத்து வுடறேன்."

இன்றும் அப்படித்தான். ஞாயிறு காலை முள்ளருகே இறங்கி நின்று நான் குரல் கொடுப்பேன். அவர் வந்து அதை இழுத்துப் போட்டுவிட்டு, "சாப்டீங்களாக்கா?" என்பார். தோட்டத்தைத் தாண்டும்வரை ஐ.டி.க்காரர்கள்கூட சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வருகிறார்கள்.

"வீட்டோட வந்துடுங்க" என்று இப்போதும் நான் எல்லோரையும் அழைக்கிறேன். ஆனால் சொல்வதற்கு முன் மனதுக்குள் ஓர் ஊருக்கே உலை வைத்துவிட்டுத்தான் சொல்கிறேன்.