ஐஸ் பையில் வைத்த பேட்டரி

அந்தக் குழந்தைக்குக் காது குத்தியது நல்ல நேரம் முடிவதற்கு முன்பா, முடிந்த பிறகா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. குழந்தையுடைய பெரியப்பாவின் கடிகாரம் மூன்று நிமிடம் தாண்டிவிட்டது என்றது. பூசாரியின் போன் இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது என்றது. தாமதத்துக்குக் காரணம் நான்தான் என்பதில் மட்டும் இருவருக்கும் சந்தேகமில்லை.

ராஜபாளையத்தில் ஒரு ஸ்டூடியோவில் ஆறு வருடமாக வீடியோ எடுக்கிறேன். மகன் பிறந்து ஏழாம் மாதம் வேலைக்குத் திரும்பினேன். அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மாமியாரிடம் இருப்பான். வெளி வேலைக்குப் போகும்போது ஒரு ஐஸ் பை கொண்டுபோவேன். இடையில் அவனுக்காகப் பீய்ச்சி எடுக்கும் தாய்ப்பாலை, உறையவைத்த ஜெல் கட்டிகளுக்கு நடுவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவேன்.

அது சித்திரை மாதம். அய்யனார் கோவிலில் காதுகுத்து. கிளம்பும்போது ஸ்டூடியோ அண்ணாச்சி சொன்னார்: "வெயிலு மண்டையப் பொளக்கு. பேட்டரிய வண்டிக்குள்ள போட்றாத தாயி, உப்பிரும்."

வண்டிக்குள் போடவில்லை. கூடுதல் பேட்டரிகள் இரண்டையும் ஐஸ் பைக்குள் ஜெல் கட்டிகளை ஒட்டி வைத்துவிட்டேன். பால் கெடாத இடத்தில் பேட்டரியும் கெடாது என்று நினைத்தேன். கோவில் மலையடிவாரத்துக் காட்டில் இருக்கிறது. நாங்கள் உட்கார்ந்த இடத்தில் சார்ஜ் போட வழியில்லை. அதனால் மூன்று பேட்டரிக்கும் சார்ஜரில் பச்சை விளக்கு வந்ததை வீட்டிலேயே மூன்று முறை பார்த்திருந்தேன்.

பொங்கல் வைத்து, குழந்தைக்கு மொட்டை எடுத்து, சந்தனம் பூசும்வரை முதல் பேட்டரி ஓடித் தீர்ந்தது. அடுத்தது தாய்மாமன் மடியில் காதுகுத்து. தாய்மாமன் முத்து ராணுவத்தில் இருக்கிறார். குழந்தை பிறந்த பிறகு இதுதான் அவருக்கு முதல் லீவு. அன்று சாயந்தரமே ரயில். குழந்தையின் அம்மா செல்வி காலையிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்: "அக்கா, மத்தது எது விட்டாலும் பரவால்ல. எந்தம்பி மடில பாப்பா உக்காந்திருக்கத மட்டும் விட்றாதீக. இனி அவன் எப்ப வாரானோ."

ஆசாரி ஊசியை எடுத்தார். இரண்டாவது பேட்டரியைப் போட்டேன். திரையில் சிவப்புக் கோடு தெரிந்தது, உடனே கேமரா அணைந்தது. மூன்றாவதும் அப்படியே. கழற்றித் துடைத்தேன். துணியில் ஈரம் ஒட்டியது.

"செத்த நேரம் நிறுத்துங்க," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சத்தமாகச் சொன்னேன்.

பெரியப்பாவுக்குக் கோபம். "நல்ல நேரம் முடிய இன்னும் எம்புட்டு நேரம் இருக்கு? இவுக மிசினுக்காக நாம காத்துக் கெடக்கணுமா? போன்ல எடுத்து முடிங்க."

"போன்ல எடுத்த வளைகாப்பு வீடியோ அந்தப் போனோடயே போச்சு மாமா," என்றாள் செல்வி. "அக்கா பாக்கட்டும்."

முத்து ஒரு பேட்டரியைக் கையில் வாங்கினார். "என்னக்கா, இம்புட்டுச் சில்லுன்னு இருக்கு? எங்க வச்சிருந்தீக?"

"பால் வைக்கிற ஐஸ் பையில..."

அவர் சிரித்துவிட்டார். "எல்லையில எங்க போஸ்ட்ல பனிக்குள்ள போனு இப்பிடித்தான் அணையும். சார்ஜ் உள்ளதான் இருக்கும். குளுருல வெளிய வராது. ராஜபாளையம் வெயில்ல பேட்டரிக்குக் குளுர் காச்சல் வரவச்ச ஆளு நீங்கதான்க்கா!"

இரண்டையும் நன்றாகத் துடைத்து, சட்டைக்குள் அக்குளுக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு, கைகளை விறைப்பாக வைத்து உட்கார்ந்தார்.

அதுவரை அவரைப் பார்த்தாலே வீறிட்டு அழுத குழந்தை, கையை அசைக்காமல் இருந்த மனிதரை உற்றுப் பார்த்தது. தவழ்ந்து போய் மீசையைப் பிடித்து இழுத்தது. பிறகு சந்தன மொட்டையை அவர் நெஞ்சில் சாய்த்துக்கொண்டது. அவரால் அணைக்க முடியவில்லை. குனிந்து தாடையை மட்டும் அந்தத் தலைமேல் வைத்தார்.

"ஏலே, கையத் தூக்கிறாத, பேட்டரி விழுந்திரும்!" என்று செல்வி சிரித்தாள். அவள் கண்ணில் தண்ணீர்.

பத்து நிமிடம் கழித்துப் பேட்டரியைப் போட்டேன். பாதிக்கு மேல் சார்ஜ் காட்டியது. சார்ஜ் நீடிக்கட்டும் என்று திரை வெளிச்சத்தைக் குறைத்தேன், வைஃபையை அணைத்தேன், 4கே-யை எச்டிக்கு மாற்றினேன். மாமன் மடி, இரண்டு காது, குழந்தையின் அழுகை, ஊசி இறங்கும்போது முத்து தன் கண்ணை மூடிக்கொண்டது எல்லாம் பதிவானது.

நான் கற்றது இதுதான்: பேட்டரிக்கு வெயிலும் ஆகாது, ஐஸும் ஆகாது. குளிர்ந்த பேட்டரி பொய் சொல்லும். ஈரத்தோடு கேமராவில் போட்டது அதைவிடப் பெரிய தப்பு. இப்போது பருத்தித் துணியில் சுற்றித் தோள்பையில் வைக்கிறேன். அது போதுமா என்று ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்க்கிறேன்.

வீடியோவைக் கொடுத்தபோது செல்வி கடைசிவரை பார்த்தாள். பிறகு கேட்டாள்: "பாப்பா அவன் நெஞ்சுல போய் சாஞ்சாளே, அது இல்லையாக்கா?"

இல்லை. என் கையில் போன் இருந்தது. எடுக்கத் தோன்றவே இல்லை. நானும் ஒரு பிள்ளைக்காரியாக நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். கோடையில் பேட்டரியை எதில் வைக்கிறீர்கள்? கேமரா அணைந்து கிடக்கும்போது இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வீர்கள்? செல்வியிடம் இல்லை என்று மட்டும் சொன்னேன், ஏன் எடுக்கவில்லை என்று இன்னும் சொல்லவில்லை. என்ன சொல்லட்டும்?